உரக்கடை மாடியில் எழுதிய லைப்ரரி

உத்தமபாளையத்தில், நண்பன் அத்தா என்றழைக்கும் அவன் அப்பா நடத்தும் உரக்கடைக்கு மேலே ஓர் அறை உண்டு. பெங்களூரு வேலையை விட்டுவந்த நானும் அவனும் அங்கேதான் ஒரு லைப்ரரியை, அதாவது மற்றவர்கள் தங்கள் புரோகிராமில் சேர்த்துக்கொள்ளும் கோட் தொகுப்பை, எழுதினோம். ஒரே நேரத்தில் பல வேலைகள் நடக்கும் புரோகிராம்களுக்கானது அது. ஒவ்வொரு வேலையையும் ஆக்டர் என்ற தனிச் சிறு புரோகிராம் பார்த்துக்கொள்ளும். ஒன்றின் தகவலில் இன்னொன்று கைவைக்க முடியாது. செய்தி மட்டும் அனுப்பலாம். வந்த செய்திகள் வரிசையில் நிற்கும்.

வரிசை நிரம்பினால் என்ன செய்வது? இதில்தான் எங்களுக்குள் ஓயாத சண்டை. புதிதாக வருவதைத் தூக்கிப் போட்டுவிடலாம் என்றான் அவன். அனுப்புகிற ஆக்டர் காத்திருக்கட்டும், ஒரு செய்திகூடத் தொலையக் கூடாது என்றேன் நான். கீழே யாவாரம் பார்க்க முடியவில்லை என்று அவன் அத்தா சத்தம் போடுவார். கடைசியில் அவன் என் வழிக்கு வந்தான். அந்தப் பகுதி முழுவதையும் நானே எழுதினேன். யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம் என்று இணையத்தில் வைத்தோம்.

சென்னைக் கம்பெனி ஒன்று அதை எடுத்துக்கொண்டது. அவனையும் வேலைக்கு அழைத்தது. போகச் சொன்னதே நான்தான். சில மாதங்களில் லைப்ரரி வேறு பெயரில் வந்தது. உருவாக்கியவர் என்ற இடத்தில் அவன் மட்டும் இருந்தான். என் பெயர் யாரும் திறக்காத உரிமக் கோப்பின் அடியில் கிடந்தது.

வரிசையையும் அவன் முதலில் சொன்ன வழிக்கே மாற்றியிருந்தார்கள். நெரிசலில் செய்திகள் தொலைந்தன. அதை, லைப்ரரியின் குறைகளை யாரும் எழுதலாம் என்றிருந்த இணையப் பொதுப்பக்கத்தில் எழுதிக் காட்டினேன். அவன்தான் பதில் போட்டான், முன்பின் தெரியாத ஆளுக்கு எழுதுவதுபோல: உங்கள் ஆர்வத்துக்கு நன்றி, இது தெரிந்தே செய்த மாற்றம்.

போனில் கேட்டேன். எல்லாருக்கும் அப்படித்தான் எழுத வேண்டும் என்றான்.

"எம் பேரு?"

"அதை மேல உள்ளவுக எடுத்துட்டாக. நீயும் இங்கன வந்திருக்கலாம்ல?"

"யாருடா கூப்பிட்டா?"



பெருநாளன்று அவன் அத்தா விருந்துக்கு அழைத்தார். அவருக்காகப் போனேன். வந்திருந்த உறவினர்களிடம், மகன் மாடியில் ஒற்றை ஆளாக எழுதியது இன்று உலகமெல்லாம் ஓடுகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். என்னையும் விட்டுவிடாமல் காட்டினார். "இந்தத் தம்பியும் தொணைக்கு வந்து உக்காந்திருப்பாப்ல."

நண்பன் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வழியனுப்ப வாசல்வரை வந்தான். "அத்தாவுக்கு வெவரம் தெரியாதுடா" என்றான்.

"ஒனக்குத் தெரியும்ல" என்று சொல்லி, என் ஊரான பழனிசெட்டிபட்டிக்கு வண்டியைக் கிளப்பினேன்.

பிறகு அவன் அழைக்கவில்லை, நானும் போகவில்லை. அவன் அத்தா மட்டும் பெருநாளுக்குப் பெருநாள் போன் போட்டு, ஏன் வரவில்லை என்று கேட்கிறார். வேலை என்கிறேன்.