ஆறாம் மலையோடு திரும்பிய வருடம்

என் தங்கை புருஷனை நானே கொன்றுவிட்டேன் என்று முக்கால் மணி நேரம் நினைத்துக்கொண்டு இருந்தேன். வெள்ளிங்கிரியில், ஆறாவது மலையில், பட்டப்பகலில். அன்றைக்கு நான் கேட்ட ஒரே வேண்டுதலுக்கு ஆண்டவர் எப்படிப் பதில் சொன்னார் என்பதை, அவரை நம்பிக் கும்பிடுகிறவர்களுக்குச் சொல்லவேண்டும் என்று ரொம்ப நாளாக நினைப்பு. எனக்கு எழுதிப் பழக்கமில்லை. வாயில் வருவதை எழுதுகிறேன்.

நான் கருமத்தம்பட்டியில் விசைத்தறி ஓட்டுகிறவன். இருபது வருடத் தறிச் சத்தம், இருபது வருடப் பஞ்சு. நெஞ்சில் இருமல் வந்து உட்கார்ந்துகொண்டது. படுத்தால் இருமல், எழுந்தால் அசதி. மருந்தும் சாப்பிட்டேன், கஷாயமும் குடித்தேன். கடைசியில் ஏழு வருடம் விடாமல் வெள்ளிங்கிரியின் ஏழு மலையும் ஏறி உச்சியில் ஆண்டவரைக் கும்பிடுகிறேன் என்று நேர்ந்துகொண்டேன். ஆறாவது மலைச் சுனையில் முங்கி, உடுத்த வேட்டியை மாற்றாமல் ஈரத்தோடு ஏழாவது மலை ஏறுவேன் என்பதும் அந்த வேண்டுதலில் சேர்த்தி. அப்படி ஏறுகிறவர்களை எங்கள் பக்கம் பெரிதாகப் பேசுவார்கள். எனக்கும் அந்தப் பேச்சு பிடித்திருந்தது. பொய் சொல்லக்கூடாது.

1996-ஆம் வருடம் பங்குனி மாதம். எனக்கு ஐந்தாவது வருடம். துணைக்கு மணியைக் கூப்பிட்டேன். மணி என் தங்கை சரசுவின் வீட்டுக்காரர், பொள்ளாச்சியில் கொப்பரைக் களத்தில் வேலை. நாள் முழுக்க வெயிலில் கிடக்கிற உடம்பு, குளிர் என்றால் என்னவென்று தெரியாது. "எனக்குச் சளி புடிச்சிருக்குதுங்க மச்சான், அடுத்த வருசம் வாரனே" என்றார். நான் விடவில்லை. சரசு வாசலில் நின்று, "அண்ணா, அவரைப் பாத்துக் கூட்டிட்டு வாங்க" என்றாள். சரி கண்ணு என்று தலையாட்டினேன். அவ்வளவு சுலபமாகத் தலையாட்டிவிட்டேன்.

விடிந்தும் விடியாமல் பூண்டி அடிவாரத்தில் மூங்கில் தடி வாங்கினோம். மாற்றுத்துணி, சட்டை, போர்வை எல்லாவற்றையும் ஒரு கடையில் கொடுத்துவிட்டேன். "வேண்டுதல்காரனுக்கு மாத்துத்துணி எதுக்கு மாப்ளே, சுமை" என்றேன். திமிர். வேறென்ன சொல்ல?

ஐந்தாவது மலை தாண்டியதும் மரம் முடிந்து வெறும் புல்லுதான். காற்று இரண்டு பக்கமும் வெட்டுகிறது. ஆறாவது மலைச் சுனைக்கு வரும்போது மத்தியானம் ஆகிவிட்டது, மேகம் இறங்க ஆரம்பித்திருந்தது. மணி சுனையில் கையை விட்டுப் பார்த்துவிட்டு, "மச்சான், நான் தலையில மட்டும் தெளிச்சுக்கறனுங்க" என்றார். சுற்றிலும் நாலு பேர் இருந்தார்கள். அவர்கள் காதில் விழட்டும் என்றே, "ஆண்டவன் கிட்ட வந்து குளுருதுங்கறீங்களா? பொம்பளைங்க கூட முங்கறாங்க" என்று சொன்னேன். மணி சுனையில் இறங்கினார். மூன்று முங்கு முங்கினார்.

சுனையை விட்டு ஏழாவது மலையைப் பார்த்துக் கொஞ்ச தூரம்தான் போயிருப்போம். மேகம் வந்து மூடிக்கொண்டது. மணிக்குப் பல் கிடுகிடுவென்று அடித்தது. உதடு நீலம் பாய்ந்தது. "நடங்க, நடந்தா சூடு வந்துரும்" என்று தள்ளிக்கொண்டு போனேன். அப்புறம் நடுக்கம் நின்றுபோனது. பார்த்தீர்களா, ஆண்டவர் பார்த்துக்கொண்டார் என்று எனக்குச் சந்தோஷம் வேறு. நடுக்கம் நிற்பதுதான் ஆபத்து என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை.

ஒரு பாறை ஓரம் மணி உட்கார்ந்துவிட்டார். "தூக்கம் வருது மச்சான்" என்றார். வாய் குழறியது. கையைத் தொட்டேன், கல்லைத் தொட்டது மாதிரி இருந்தது. கன்னத்தில் தட்டினேன். கண்ணைத் திறந்து, "சரசு, கதவைச் சாத்து" என்றார். தூக்கப் பார்த்தேன். இருமல் வந்து என்னையே கீழே உட்கார வைத்துவிட்டது. மேலே போகிறவர்கள் நமசிவாய சொல்லிக்கொண்டே தாண்டிப் போனார்கள். பனிமூட்டத்தில் அவர்களுக்கு நாங்கள் இளைப்பாறுகிற இரண்டு பேர், அவ்வளவுதான். கத்தினேன், குரல் எழவில்லை.

அப்போதுதான் கேட்டேன். "ஆண்டவரே, இருமல் போகவேண்டாம். ஏழு வருடமும் வேண்டாம். உன்னைப் பார்க்கக்கூட வேண்டாம். இந்த மனுஷனை என் தங்கை கையில் உயிரோடு கொடுக்க வை." வாய்விட்டு அழுதேன். வெட்கமில்லை.

சும்மா இருக்கவும் முடியவில்லை. இடுப்பில் சூடமும் தீப்பெட்டியும் செருகியிருந்தேன். பக்கத்தில் காய்ந்த புல் ஆள் இடுப்பு உயரம் நின்றது. அதில் தீ வைத்தால் மாப்பிள்ளைக்குச் சூடு கிடைக்கும் என்று புத்தி போனது. ஒரு குச்சி கிழித்தேன். பற்றவில்லை. இரண்டாவது, மூன்றாவது. ஈர வேட்டியில் செருகி வைத்த பெட்டி எப்படிப் பற்றும்? "இதுக்குக்கூட உனக்கு மனசு இல்லையா?" என்று ஆண்டவரையே திட்டினேன். நாலாவது குச்சியை எடுத்தேன்.

"ஏனுங், அதை அக்கட்டால போடுங்க மொதல்ல!"

பின்னால் ஒரு அம்மா நின்றார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். தலையில் யூரியா சாக்கை மழைக்கு மடித்துக் கொங்காடையாகப் போட்டிருந்தார், கையில் தடி, தோளில் ஒரு மூட்டை. பேர் வள்ளியாத்தா, காங்கேயம் பக்கம் செம்மறியாடு வளர்க்கிறவர் என்பதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. அப்போது எனக்குக் கிடைத்தது திட்டுதான்.

"இந்தக் காத்துல தீ வெச்சா மலையே போயிருமுங்க. கீழ இருந்து ஏறி வர்ற சனம் எங்க ஓடும்? காட்டுல கெடக்கற வாயில்லாச் சீவன் எங்க ஓடும்? அறிவிருக்குதுங்களா தம்பி?"

சொல்லிக்கொண்டே மணியின் கழுத்தில் கையை வைத்துப் பார்த்தார். "ஈரத்தை அவுறுங்க."

"அக்கா, வேண்டுதலுங்க, ஈரத்தோட..."

"வேண்டுதல் உங்குளுதா, இவருதா?"

மணியின் வேட்டியை அவிழ்த்தேன். அந்த அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு மூட்டையைப் பிரித்தார். திரும்பும்போது சுனையில் குளித்து உடுத்த வைத்திருந்த புதுச் சேலை ஒன்று. அதை என்னிடம் நீட்டி, "தேய்க்காதீங்க, ஒத்தி எடுங்க. பொறவு சுத்துங்க" என்றார். மழையில் நனைந்த ஆட்டுக்குட்டியை அப்படித்தான் பிழைக்க வைப்பார்களாம். ஒத்தி எடுத்து, சாக்கில் சுற்றி, மடியில் வைத்துக்கொள்வார்களாம். தீயில் காட்டினால் குட்டி தாங்காதாம். பாறைக்கு மறைவாக, காற்றுப் படாத பக்கமாக மணியை நகர்த்தினோம். என் ஈர வேட்டியையும் அவிழ்க்கச் சொன்னார். ஒரே சேலையை மணிக்கும் எனக்கும் சேர்த்துச் சுற்றி, மேலே சாக்கைப் போட்டு, "கட்டிப் புடிச்சுட்டு உக்காருங்க. மச்சானும் மாப்பிள்ளையுந்தானே, என்ன வெக்கம்?" என்றார். பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருக்கச் சொன்னார். நான் கொப்பரை விலை கேட்டேன், சரசு வைக்கிற ரசத்தைப் பற்றிக் கேட்டேன், கேட்டதையே திரும்பக் கேட்டேன்.

முக்கால் மணி நேரம் போயிருக்கும். மணிக்கு மறுபடி நடுக்கம் வந்தது. நான் பயந்துபோனேன். அந்த அம்மா, "அப்பாடா, குட்டி பொழைச்சுக்கிச்சு" என்றார். விழுங்க முடிகிறதா என்று பார்த்துவிட்டு வெல்லத்தை உடைத்து வாயில் வைத்தார். மணி கண்ணைத் திறந்து, தன் மேல் இருந்த சேலையைப் பார்த்து, "இது யாருதுங்க மச்சான்?" என்றார். நான் அந்த அம்மா காலில் விழுந்தேன். "ஆண்டவரே வந்தீங்க அக்கா" என்று கும்பிட்டேன்.

"நல்லாச் சொன்னீங்க போங்க! ஆண்டவருக்கு இப்படி முழங்கால் வலிக்குமா? எந்திரிங்க."

இறங்கத் தொடங்கினோம். மேலே போங்கள் அக்கா, நாங்கள் மெல்லப் போய்க்கொள்கிறோம் என்றேன். அந்த அம்மா கூட வந்த ஊர்க்காரர்கள் முன்னால் போய்விட்டார்கள், இவர் முழங்கால் வலியோடு பின்தங்கியவர். "குட்டிய பாதி வழியில உட்டுப்போட்டு எந்தச் சாமியைப் போய்க் கும்புடறதுங்க?" என்று தடியை ஊன்றி எங்களுக்கு முன்னால் நடந்தார். மணிக்குச் சேலையைக் கட்டிவிட்டிருந்தோம். எதிரே வந்தவர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று இருந்தது. மூன்றாவது மலையில் ஒரு கடையில் சுக்குக் காப்பி வாங்கிக் குடிக்கும்போது, எத்தனாவது தடவை வருகிறீர்கள் என்று கேட்டேன்.

"மொதத் தடவைங்க. வயசுப் பொம்பளைங்க ஏறப்படாதுன்னு வழக்கமில்லீங்களா? அம்பது ஆவட்டும், ஆவட்டும்னு இருந்தேன். ரெண்டு வருசம் மாமியாரு படுக்கையில கெடந்தாங்க. இந்த வருசம் வந்தேன்."

எங்களால் அந்த ஒரு தடவையும் பாதியில் போயிற்று என்று அப்போதுதான் உறைத்தது, காப்பியைக் கீழே வைத்துவிட்டேன்.

சாயங்காலம் அடிவாரம் வந்தோம். மறுநாள் மணியைச் சரசு கையில் ஒப்படைத்து நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். அவள் என்னோடு பத்து நாள் பேசவில்லை. அப்புறம் சேலையைத் துவைத்து மடித்து, கூட ஒரு புதுச் சேலையும் வைத்து, காங்கேயத்துக்கு மூன்று பேருமாகப் போனோம். வள்ளியாத்தா புதுச் சேலையை வாங்கிக்கொள்ளவே இல்லை. மோர் கொடுத்தார். உட்கார்ந்து முழங்காலைத் தடவிக்கொண்டே, "இனி ஏற முடியாதுங்க, டாக்டரு வேண்டாம்னுட்டாரு. நீங்க நாலு தடவை பாத்தவரு. மேல எப்படி இருக்குமுங்க?" என்று கேட்டார்.

நாலு வருடம் ஏறியிருக்கிறேன், என் ஈர வேட்டியையும் என் வேண்டுதலையும் தவிர எதையும் பார்க்கவில்லை. பாறை இருக்கும், லிங்கம் இருக்கும், குளிரும் என்று ஏதோ உளறினேன். அந்த அம்மா "ஆமாங், ஆமாங்" என்று கேட்டுக்கொண்டார். அன்றைக்கு மலையில் அழுததைவிட, திரும்பி வருகிற பஸ்ஸில் அதிகமாக அழுதேன்.

அடுத்த வருடம் போனேன். உலர்ந்த வேட்டியை மாற்றிக்கொண்டு ஏறினேன். வேண்டுதல் முறிந்தது, முதலில் இருந்து தொடங்கவேண்டும் என்றார்கள் சிலர். முறிந்துவிட்டுப் போகட்டும் என்றேன். மேகம் இறங்கினால் நின்றுவிடுவேன். புல்லில் சூடம் ஏற்றுவதில்லை. வழியில் கிடக்கிற பிளாஸ்டிக் பையைப் பொறுக்கி மூட்டை கட்டிக் கீழே கொண்டு வருகிறேன். நின்று நின்று பார்க்கிறேன், ஏனென்றால் ஒருத்தருக்குப் போய்ச் சொல்லவேண்டும். பாறை இடுக்கில் பூக்கிற சின்ன ஊதாப் பூ, காற்றில் ஒரே பக்கம் சாய்கிற புல், காலை வெயிலில் ஆண்டவர் சந்நிதிப் பாறை எந்தப் பக்கம் முதலில் வெளுக்கிறது என்பது. அப்படியே காங்கேயம் போய்ச் சொல்கிறேன். இந்த வருடமும் சொன்னேன். வள்ளியாத்தா கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, மேற்கே பார்த்துக் கும்பிட்டார்.

என் இருமல் போகவில்லை. இதை எழுதும்போதும் இருமுகிறேன். அசதியும் அப்படியேதான் இருக்கிறது. நான் கேட்டது அது இல்லையே. நான் கேட்ட மனுஷன் பொள்ளாச்சியில் களத்தில் கொப்பரை திருப்பிப் போட்டுக்கொண்டு இருக்கிறார். தீக்குச்சி பற்றாததும் ஆண்டவர் பதில்தான், அந்த அம்மா வந்ததும் அவர் பதில்தான் என்று நம்புகிறேன். நீங்களும் நம்பிக் கேளுங்கள், நம்பி ஏறுங்கள். ஆனால் வெறுங்கையோடு ஏறாதீர்கள். உலர்ந்த துணி இரண்டு எடுத்துப் போங்கள். ஒன்று உங்களுக்கு. இன்னொன்று யாருக்கு என்பது ஆண்டவருக்குத் தெரியும்.