மனசு வக்கீல் காட்டிய போட்டோ

கோர்ட்டில் எங்கள் மேடத்துக்கு ‘மனசு வக்கீல்’ என்று பெயர். உளவியல் படித்து, ஆஸ்பத்திரியில் நான்கு வருடம் ஆலோசகராக இருந்துவிட்டு, அப்புறம்தான் சட்டம் படிக்க வந்தார். பைத்தியத்துக்கு வைத்தியம் பார்த்தவர் நம்மோடு வாதாட வந்துவிட்டார் என்று கிண்டலடித்தவர்களெல்லாம் பின்னால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். பதினெட்டு வருடம் அவருக்குக் குமாஸ்தாவாக இருந்தவன் நான், எனக்குத் தெரியாதா?

நேரில் பார்த்த சாட்சியை உடைப்பதில் மேடம் கில்லாடி. அதட்டவே மாட்டார். “போலீஸ் உங்களுக்கு எத்தனை போட்டோ காட்டினாங்க?” என்று தன்மையாகக் கேட்பார். “ஒண்ணுதாங்க” என்று பதில் வந்தால் கேஸ் முடிந்தது. ஒரே படத்தைக் காட்டி இவனா என்று கேட்டால், நிஜமாகப் பார்த்த முகம் அழிந்து படத்திலிருக்கும் முகம் அங்கே உட்கார்ந்துகொள்ளும், சாட்சி பொய் சொல்லவில்லை, ஆனால் சொல்வது உண்மையுமில்லை என்று நீதிபதிக்கு விளக்குவார். அப்படி அவர் வாங்கிய ஒரு தீர்ப்பை மற்ற வக்கீல்கள் மனப்பாடமாக வைத்திருந்தார்கள்.

அவருடைய தம்பியை ஒரு வேன் அடித்துப் போட்டுவிட்டு நிற்காமல் போனது. டிரைவரின் முகத்தைப் பார்த்தது, கூட நடந்துகொண்டிருந்த அவர்கள் அம்மா மட்டும்தான். தம்பி ஆஸ்பத்திரியில் உயிரை விட்ட அரை மணி நேரத்தில், அந்தப் பக்கம் வேன் ஓட்டுகிற ஒருவனுடைய போட்டோவை யாரோ மேடத்தின் போனுக்கு அனுப்பினார்கள். நான் பக்கத்தில்தான் நின்றேன். “இவன்தானேம்மா?” என்று அம்மாவின் முகத்துக்கு நேரே நீட்டினார்.

அந்தம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். “இவனேதான்” என்றார்.

ஊருக்கே பாடம் எடுத்தவர்! தடுக்காமல் மரம் மாதிரி நின்ற என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும். ஆனால் கூடப்பிறந்தவன் செத்துக் கிடக்கும்போது படிப்பாவது மண்ணாவது.

மறுநாளே மேடத்துக்கு உறைத்துவிட்டது. ஆனாலும் போட்டோ விஷயத்தை மறைக்கச் சொல்லி அம்மாவுக்கு அவர் சொல்லிக் கொடுக்கவில்லை. போட்டோவில் இருந்தவனைப் போலீஸ் பிடித்து, கேஸ் கோர்ட்டுக்கு வந்தது. அவனுடைய வக்கீல், மேடத்தின் அந்தத் தீர்ப்பையே கையில் வைத்துக்கொண்டு எழுந்தார்.

“முதல்ல உங்களுக்கு போட்டோ காட்டினது யாரும்மா?”

“என் பொண்ணுதாங்க.” அந்தம்மா அதைப் பெருமையாகவே சொன்னார்.

வேறு சாட்சி கிடையாது. டிரைவரை விடுதலை செய்துவிட்டார்கள்.

வெளியே வராந்தாவில் அந்தம்மா மகளின் கையைப் பிடித்துக்கொண்டார். “நான் பொய் சொல்லலையேடி.”

“இல்லம்மா. நீ பொய் சொல்லல.”

“அப்போ அவன்தானே?”

மேடம் தலையைக் குனிந்துகொண்டார். எத்தனை பேரைத் தேற்றியவர், ஒரு வார்த்தை ‘ஆமாம்’ என்று சொல்லித் தொலைத்திருக்கலாம்.

“அப்போ நான் பார்த்தது யாரைடி?”

“தெரியலம்மா. நீ பார்த்த முகத்தை நான்தான் அழிச்சிட்டேன். இனி உனக்கே தெரியாதும்மா.”

அந்தம்மா மகளின் கையை விட்டுவிட்டு, சுவரைப் பிடித்தபடி தனியாகப் படியிறங்கிப் போனார்.