மீசை வளரும் வரை

என் சோலி என்னவென்று கேட்பவர்களுக்கு இப்போதெல்லாம் நான் ஒழுங்காகப் பதில் சொல்வதில்லை. கம்ப்யூட்டர் என்று சொல்லி முடித்துக்கொள்கிறேன். முன்பு பொறுமையாக விளக்கியிருக்கிறேன். ஜனங்கள் போனில் எந்த வீடியோவில் நிற்கிறார்கள், எதைத் தள்ளிவிட்டுப் போகிறார்கள், எப்போது சலித்துப்போய் வராமலே நின்றுவிடுகிறார்கள் என்று பார்த்துக் கணக்குப் போடும் வேலை என்றேன். சிலமலை மாமா வெற்றிலையைத் துப்பிவிட்டு, "அப்ப வேவு பாக்குற சோலின்னு சொல்லு மாப்ளே" என்றார். பெங்களூர்க் கம்பெனி, போடியில் எங்கள் வீட்டு மாடி அறை, காலையில் உட்கார்ந்தால் சாயந்திரம் கழுத்து திரும்பாது. வேவு பார்க்கிறவனுக்காவது நாலு ஊர் சுற்றக் கிடைக்கும்.

அதில் இரண்டு வேலை என் கையில் இருந்தது. ஒன்று, போலி ஆட்களைப் பிடிப்பது. இன்னொன்று, போனவர்களைத் திரும்ப இழுத்து வருவது. ரொம்ப நாளாக எட்டிப் பார்க்காத ஒருவர் மறுபடி உள்ளே வந்தால், அவருக்கு வேண்டியவர்கள் எல்லோர் போனிலும் மணி அடிக்கும். "திரும்பி வந்துவிட்டார், வணக்கம் சொல்லுங்கள்" என்று பெயரோடு வரும். பக்கத்தில் கும்பிடு போடுகிற கை ஒன்று இருக்கும், தொட்டால் போதும். அந்த வாசகத்தை என்னென்னவோ மாதிரி எழுதிப் பார்த்து, இதற்குத்தான் ஜனம் மயங்குகிறது என்று கண்டுபிடித்தது எங்கள் குழு. அன்றைக்கு ஆபீசில் கேக் வெட்டினார்கள்.

என் அண்ணன் போடிமெட்டுக்கு ஜீப்பு ஓட்டினான். ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போகிற பெண்களை விடியக்காலம் ஏற்றிக்கொண்டு போய்ச் சாயந்திரம் இறக்கிக் கொண்டுவருவான். மெட்டு ஏறியதும் ஓரங்கட்டி ஒரு வீடியோ எடுத்துப் போடுவான். எங்கள் கம்பெனி ஆப்பில்தான். "வணக்கம் மக்களே. மெட்டுல மூட்டம் கண்ணக் கட்டுது. லைட்டப் போட்டுக்கிட்டு பைய வாங்க. வெரசா வந்து என்னத்தச் சாதிக்கப் போறீக?" அவ்வளவுதான். பின்னால் பெண்கள் சிரிக்கிற சத்தம் கேட்கும். என் தொழில் கண்ணுக்கு அது உருப்படாத வீடியோ. "மொத வரியிலயே ஆள இழுக்கணும்ணே" என்று ஒருமுறை புத்தி சொன்னேன். "இந்த ஜீப்ப இழுக்குறதே பெரும்பாடா இருக்கு, இதுல ஆள வேற இழுக்கணுமாக்கும், போடா" என்றான். போனில் இடமில்லை என்று, ஆப்பில் ஏற்றிய கையோடு போனிலிருந்து அழித்துவிடுவான். நானும் அதைப் பெரிதாக நினைத்ததில்லை.

போன மழைக்காலத்தில், மலையிறங்கும்போது நெஞ்சு வலிக்குது என்று ஜீப்பை ஓரங்கட்டினான். ஒழுங்காகத்தான் ஓரங்கட்டியிருக்கிறான். பின்னால் இருந்த பெண்களுக்கு ஒரு கீறல் இல்லை. அவன்தான் இறங்கவில்லை.

எங்கள் பக்கம் கேதம் விழுந்தால் பிளக்ஸ் வைப்பதற்கு முன்பே போனில் படம் மாறிவிடும். செத்தவர் படத்தைச் சொந்தக்காரர்கள் எல்லோரும், எங்கள் ஆப்பிலும் சேர்த்து, தங்கள் படமாக வைத்துக்கொள்வார்கள். கருமாதி முடியும்வரை எடுக்கக் கூடாது. ராசிங்காபுரத்துத் தம்பி ஒருத்தன் இரண்டாம் நாளே தன் படத்தைத் திருப்பி வைத்துவிட்டான் என்று, "அதுக்குள்ள ஒனக்கு மினுக்கு கேக்குதா?" என்று ஆத்தா அவனைப் போனிலேயே வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டாள். அவனும் பயந்து மறுபடி மாற்றினான். சிலமலையிலிருந்து துபாய் வரை எங்கள் சனம் மொத்தத்துக்கும் ஒரே முகம். ஜீப்பு பானட்டில் சாய்ந்துகொண்டு, முறுக்கின மீசையோடு என் அண்ணன்.

ஒரே முகத்தை ஒரே சமயத்தில் கும்பலாக மாட்டிக்கொண்டால் அது போலிக் கூட்டம். இது எங்கள் குழு போட்ட விதி. தப்பான விதி என்று இன்றைக்கும் சொல்ல மாட்டேன், எத்தனையோ ஏமாற்றுக் கும்பல் அதில் மாட்டியிருக்கிறது. எங்கள் சனமும் மாட்டியது. கருமாதிக்கு முந்தின நாள் எல்லோர் கணக்கும் முடங்கிப்போனது. அண்ணன் கணக்கும் சேர்ந்துதான்.

உயிரோடு இருப்பவர்களுக்குப் பிரச்சினை இல்லை. போனைப் பார்த்து இடமும் வலமும் திரும்பி, கண்ணைச் சிமிட்டினால் திறந்துவிடும். ஆத்தாவுக்கு நான்தான் போனைப் பிடித்துக்கொண்டேன். கண்ணைச் சிமிட்டு என்றதற்கு அவளுக்கு அழுகைதான் வந்தது. அதையே சிமிட்டியதாக எடுத்துக்கொண்டு திறந்துவிட்டது. ஒரு மாதத்துக்குள் முகத்தைக் காட்டாத கணக்கு, உள்ளே இருப்பதோடு சேர்ந்து அழிந்துவிடும்.

மதினி மாடி ஏறி வந்தாள். காலையில் உலை வைக்கும்போது அண்ணன் வீடியோ ஒன்றைப் போட்டுவிட்டுத்தான் அவள் அரிசி களைவாள். அவன் போன பிறகும் அப்படித்தான். மாடிக்குக் கேட்கும். கணக்கு முடங்கியதிலிருந்து அந்தச் சத்தம் இல்லை.

"தம்பி, இது ஒங்க ஆபீசுதான? அவுக மூஞ்சியக் காட்டச் சொல்லுது. நான் எங்கிட்டுப் போயிக் காட்ட?" என்றாள்.

ஆபீசில் அதற்கென்று இருக்கிற பெண்ணிடம் போனில் கேட்டேன். நல்ல பிள்ளை, வருத்தப்பட்டாள். இறந்துவிட்டார் என்று எழுதிக் கொடுத்தால் நிரந்தரமாக மூடிவிடுவோம், பிறகு யாரும் உள்ளே போக முடியாது என்றாள். வீடியோக்களை மட்டுமாவது எடுத்துத் தர முடியுமா என்றேன். அதற்கு வழியில்லை என்றாள். சொந்தக்காரர் கணக்கில் நீங்கள் கைவைத்தால் வேலை போய்விடும் என்றும் தயங்கித் தயங்கிச் சொன்னாள். எனக்குத் தெரியாததா? செத்துவிட்டான் என்றால் கதவைச் சாத்து, இருக்கிறான் என்றால் மூஞ்சியைக் காட்டு. என்ன எழவெடுத்த பிழைப்பு இது என்று கத்த வேண்டும்போல இருந்தது. கத்துவதற்குத் தெம்பில்லை. நன்றி சொல்லி வைத்துவிட்டேன்.

அண்ணனை உரித்து வைத்திருக்கிறேன் என்று சின்ன வயதிலிருந்தே ஊர் சொல்லும். ஆனால் அவனுக்கு ஒரே ஒரு பெண் பிள்ளை. கொள்ளி வைத்தது நான். சுடுகாட்டிலேயே தலையும் மீசையும் போய்விட்டது, கருமாதியில் மறுபடியும் மழித்துவிட்டார்கள். அந்த மொழுக்கு மூஞ்சியோடு ஒருமுறை காட்டிப் பார்த்தேன். முகம் பொருந்தவில்லை என்றது. இன்னும் ஒரு வாய்ப்புத்தான் உண்டு என்றும் சொன்னது. அதுவும் எங்கள் விதிதான்.

பிறகென்ன, மீசைக்காகக் காத்திருந்தேன். ஆபீஸ் வீடியோ கூட்டத்தில் என் மொட்டையைப் பார்த்துப் புது ஸ்டைலா என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். ஆத்தாதான் விடவில்லை. "என்னப்பு, எந்நேரமும் கண்ணாடியும் கையுமா மூஞ்சியத் தடவிக்கிட்டு? இப்ப மீசை ஒண்ணுதான் கேடா?" என்றாள். செத்தவன் வேஷம் கட்டப் போகிறேன் என்று பெற்றவளிடம் எந்த வாயால் சொல்ல? வேலை போனால் போகட்டும் என்று எப்போது முடிவெடுத்தேன் என்றுகூட நினைவில்லை. அலுப்பில் எடுத்த முடிவு.

கெடு முடிய ஒரு நாள் இருந்தபோது, காலை வெளிச்சத்தில் அண்ணன் ஜீப்பில் ஏறி உட்கார்ந்தேன். மீசை அரைகுறையாக வளர்ந்திருந்தது. மதினி மகளின் கண்மை டப்பாவை என் கையில் கொடுத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். மையைத் தீட்டி, நுனியை முறுக்கி, தலையில் அண்ணன் துண்டை உருமாவாகக் கட்டிக்கொண்டேன். அண்ணன் போனைத் தூக்கிப் பிடித்தேன். இடது பக்கம் திரும்பவும். வலது பக்கம் திரும்பவும். கண்ணைச் சிமிட்டவும். சிமிட்டினேன். வட்டம் சுற்றியது, சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. அப்புறம் அண்ணன் பெயரைப் போட்டு நல்வரவு என்றது. இத்தனை வருஷம் போலிகளைப் பிடித்தவனை அவன் செய்த மிஷினே பிடிக்கவில்லை.

"தெறந்துருச்சு மதினி" என்றேன். முதல் வீடியோவைத் தொட்டேன். "வணக்கம் மக்களே" என்று அண்ணன் ஆரம்பித்ததும் மதினி மட்கார்டைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "எல்லாத்தையும் வெரசா போன்ல எறக்கிருங்க தம்பி, மறுபடி பூட்டிறப் போறாக" என்றாள் அழுகையோடு. நான் ஒவ்வொன்றாக இறக்க ஆரம்பித்தேன்.

அப்போது வீட்டுக்குள் ஆத்தா போன் மணி அடித்தது. அது என்ன மணி என்று எனக்குத் தெரியும்.

ஆத்தா போனைத் தள்ளிப் பிடித்து எழுத்துக்கூட்டிக்கொண்டே வாசலுக்கு வந்தாள். அவள் என் வேஷத்தைக்கூடக் கவனிக்கவில்லை. "அப்பு, ஒங்கண்ணன் திரும்பி வந்துட்டானாம்ல, போன்ல வருது" என்றாள். "வணக்கம் சொல்லச் சொல்லுச்சு. சொல்லிட்டேன்" என்றாள்.

என் கையில் இருந்த போன் குலுங்கியது. ஆத்தாவின் படத்துக்குப் பக்கத்தில் ஒரு கும்பிடு வந்து நின்றது. ஆத்தா தன் போனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.