நடந்து வந்தார் என்ற வாக்குமூலம்

சர்க்கரை நோய்க்காக மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதுக்கோட்டைக்குப் போய்ப் பாதத்தைக் காட்டுகிறேன். நர்ஸ் ஒரு நைலான் இழையால் உள்ளங்காலைத் தொட்டு, "தெரியுதாங்க?" என்பார். தெரியாது. அந்த நேரத்தில் எனக்குத் தெரிவது வேறொருவருடைய பாதம்.

தாசில்தாராக இருந்தபோது தியாகி ஓய்வூதிய மனு ஒன்று விசாரணைக்கு வந்தது. மனுதாரர் எழுபதைக் கடந்த அம்மாள். மலாயா ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். அங்கே திரண்ட விடுதலைப் படையின் பெண்கள் பிரிவில் துப்பாக்கி பிடித்தவர். போர் முடிந்ததும் தகப்பன் ஊரான எங்கள் மாவட்டத்துக்கு வந்து, கடலை பிடுங்கி வயிறு வளர்த்தவர்.

பர்மாவிலிருந்து பின்வாங்கிய நாட்களைப் பற்றிக் கேட்டேன்.

"எங்க படைத் தலைவரும் எங்க கூடயே நடந்தாருய்யா. கார்ல ஏறச் சொன்னாங்க. பொம்பளப் புள்ளைகள விட்டுட்டுப் போமாட்டேன்னுட்டாரு."

பக்கத்தில் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த தலைமை எழுத்தர் சிரித்தார். "அப்ப காரை யாரு தள்ளிக்கிட்டு வந்தா? நீங்களா ஆத்தா?"

அம்மாள் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு வலது காலைத் தூக்கி என் எதிர் நாற்காலியில் வைத்தார். குதிகாலில் ஒரு பழைய தழும்பு, காய்ந்த வாழைச் சருகைப் போல. "அவருக்கும் இப்படித்தான் கொப்புளம் கட்டுச்சு. பூட்ஸைக் கழட்டுனப்ப நான் பாத்தேன்."

காலை இறக்கச் சொன்னேன். அலுவலகத்துக்கென்று ஒரு ஒழுங்கு உண்டல்லவா?

கூடப் போரிட்ட ஒருவர் எழுதித் தர வேண்டிய உடனிருந்தவர் சான்று அவரிடம் இல்லை. அதை மட்டும் எழுதியிருந்தால் போதும், மனு தானாகச் செத்திருக்கும். ஆனால் எனக்குப் பயணப்படி விதிகள் மனப்பாடம். எந்தப் பதவிக்கு எந்த வாகனம் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். எனக்கே ஜீப் இருந்தது. ஒரு படைக்கே தலைவர் நடப்பாராமா? "உயர்நிலையில் இருந்தவர் வாகனத்தைத் தவிர்த்து நடந்தார் என்பது நம்பத்தக்கதன்று. மனுதாரரின் கூற்று பொய்யானது" என்று அறிக்கை எழுதிக் கையெழுத்திட்டேன். போர்க்களத்துக்கும் பயணப்படி விதி பொருந்தும் என்று தீர்மானித்த ஒரே தாசில்தார் நானாகத்தான் இருப்பேன். மனு தள்ளுபடியானது.

ஓய்வுபெற்ற பிறகு நூலகத்தில் பொழுது போக்கினேன். அந்தப் படையில் இருந்தவர்களின் நினைவுக் குறிப்புகளை ஒருநாள் புரட்டியபோது அது அப்படியே இருந்தது. தலைவர் வண்டியை மறுத்தது, பெண்களோடு நடந்தது, காலில் கொப்புளங்கள். புத்தகத்தை மூடி, இருந்த வரிசையிலேயே வைத்துவிட்டு வந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. அன்றிலிருந்து என் வீட்டில் யார் செருப்பைக் கழற்றினாலும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன்.

சென்ற தை மாதம் ஒரு பெண்மணி வந்தார். வயது அறுபதுக்கு மேல். அந்த அம்மாளின் மகள். அம்மா இறந்துவிட்டதாகச் சொன்னார். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் வாங்கிய கோப்பு நகலை என் முன் விரித்தார். "பொய்யானது" என்ற சொல்லின் கீழே சிவப்புக் கோடு.

"பென்ஷன் கேட்டு வரலீங்க. எங்க அம்மா பொய் சொல்லலைன்னு நீங்க எழுதிக் குடுக்கணும். சாகுற வரைக்கும் இதைத்தான் சொல்லிக்கிட்டே கெடந்துச்சு."

ஓய்வுபெற்றவன் தன் அறிக்கையைத் திருத்த முடியாது, எழுதினாலும் கோப்பில் சேர்க்க மாட்டார்கள் என்று விளக்கினேன்.

"கோப்புல சேக்க வேணாங்க. எங்க வீட்டுல இருக்கட்டும்."

மறுப்பதற்கு விதி எதுவும் கிடைக்கவில்லை. தாளை எடுத்து எழுதிக் கொடுத்தேன். அவர் ஒவ்வொரு சொல்லாக விரல் வைத்துப் படித்தார்.

"'கூற்று பொய்யானது எனத் தவறுதலாகக் கருதப்பட்டுவிட்டது'ன்னு போட்டிருக்கீங்களே. யாரு கருதுனது?"

முப்பத்தைந்து வருட உத்தியோகத்தில் என்னிடம் யாரும் கேட்காத கேள்வி. தாளைத் திரும்ப வாங்கி அந்த வரியை அடித்தேன். மேலே "நான்" என்று எழுதினேன். அதற்கப்புறம் வாக்கியம் எப்படிப் போக வேண்டும் என்று தெரியாமல் வெகுநேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்தப் பெண்மணி அவசரப்படவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்தார்.