குழிக்கரையில் துவைத்தவர்

இலங்கை மலைநாட்டில் எல்ல என்ற ஊருக்குப் போகும் பாதையில், தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய ஒரு சிறிய விடுதியில் அப்போது வேலைபார்த்தேன். ஒருநாள் காலை குழாயைத் திறந்தால் பால்தேநீர் நிறத்தில் தண்ணீர் கொட்டியது. மேலே ஓடையில் யாருக்கோ ஒரு நீலக்கல் கிடைத்திருந்தது. அவ்வளவுதான், ஊரே மண்வெட்டியும் கையுமாகக் கிளம்பிவிட்டது. எங்கள் சமையல்காரர் போனார், வேன் ஓட்டியவரும் போனார். ஓடையில் குளிக்கவென்றே வந்த வெள்ளைக்காரர்கள் சேற்றைப் பார்த்துவிட்டு, இறக்கிய பையைத் தூக்கிக்கொண்டு திரும்பினார்கள். மாதக் கடைசியில் விடுதியை மூடப்போவதாக முதலாளி சொன்னார். கல் கிடைத்தால் யாரோ ஒருவருக்கு வாழ்வு. விடுதி மூடினால் தோட்டத்து லயன் வீடுகளிலிருந்து வந்த ஏழு பெண்களின் பிழைப்பும் போச்சு. அந்த ஏழு பேரில் நானும் ஒருத்தி.

மூத்தவர், அறைகளைக் கூட்டும் அக்கா. கோபம் வந்தால் அவருக்குக் குரல் தாழ்ந்துவிடும். அன்று மெதுவாகத்தான் சொன்னார்: “பொம்பள வந்தா கல்லு மறைஞ்சிரும்னு நம்புறானுங்கல்ல? வாங்கடி, போய் நிப்போம்.”

மாணிக்கக்கல் தோண்டும் குழிப் பக்கம் பெண்கள் போகக்கூடாது என்பது இங்கே பழைய கட்டு. மறுநாள் விடிந்ததும் கிழிந்த படுக்கை விரிப்புகளை மூட்டை கட்டிக்கொண்டு போய், குழிக்கரையிலேயே துவைக்க உட்கார்ந்தோம். சேற்றில் அலசினால் துணி இன்னும் அழுக்காகும் என்கிற கவலையே அக்காவுக்கு இல்லை. குழிக்குள் நின்றவர்களில் அவருடைய சொந்தத் தம்பியும் ஒருவர்.

“எங்க பொழப்பக் கெடுக்காத அக்கா, போயிரு!” என்று கத்தினார்.

“எங்க பொழப்பு மட்டும் பொழப்பு இல்லையாடா?” அக்கா துணியை அடிப்பதை நிறுத்தவில்லை.

குழிக்காரர்கள் மேலே ஏறி, தேங்காய் உடைத்துத் தோஷம் கழித்துவிட்டு மறுபடி இறங்கினார்கள். நாங்களும் மறுநாள் மறுபடி போனோம். அப்படியே பதினெட்டு நாள். கடைசியில் குழிக்குப் பணம் போட்டவரே சலித்துப்போய் ஆட்களை அனுப்பிவிட்டார்.

மழை பெய்து ஓடை தெளிந்தது. விடுதி மூடவில்லை. ஆனால் அக்கா கண்மூடும்வரை தம்பி அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அவர்மேல் அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

இன்று அதே தம்பிதான் இங்கே வழிகாட்டி. வெள்ளைக்காரர்களை ஓடைக்கு அழைத்துப்போய், இந்தத் தெளிந்த தண்ணீர் இயற்கை தந்த கொடை என்று சொல்லுகிறார். நேற்று அவர்கள் முன்னாலேயே கேட்டேன்: “ஒங்க அக்கா பேர ஏண்ணே சொல்ல மாட்டேங்கிறீங்க?” அவர் அவர்களைக் கூட்டிக்கொண்டு முன்னே நடந்தார். சொல்லாவிட்டால் போகட்டும். வருகிற ஒவ்வொருவருக்கும் நானே சொல்கிறேன், அவர் காதுபட.