டெலிபோனில் வந்த வோல்டேஜ்

நஞ்சம்மா தன் புருஷன் கரியப்பனுக்குக் களி கொண்டுபோயிருந்த மத்தியானம் அது நடந்தது. பாகலூர் பக்கத்துச் சப்ஸ்டேஷனில் அவனுக்கு வேலை, வோல்டேஜை ஏற்றி இறக்கும் சக்கரத்தைத் திருப்புவது. எப்போது திருப்புவது என்று சொல்லும் வாய் மட்டும் தொலைவில், பெரிய ஸ்டேஷனில் இருந்தது. டெலிபோனில் அனுமதி வராமல் சக்கரத்தைத் தொடக் கூடாது. எந்தப் புண்ணியவான் போட்ட சட்டமோ!

தோட்டங்களில் பம்புசெட்டுகள் எல்லாம் ஓடின. வோல்டேஜ் இறங்கியது. கரியப்பன் டெலிபோனைச் சுற்றினான். ஓசூரில் லைன் கிடைத்து, அதற்கப்பால் லைன் கிடைத்து, இன்ஜினியர் கேட்டுக்கொண்டு, "இரு, சொல்றேன்" என்று வைத்தார்.

தோட்டக்காரர்களுக்கு டெலிபோன் கிடையாது, தொண்டை இருந்தது. மோட்டார் முனகினால் ஒருவன் கூவுவான். அடுத்த கிணற்றுக்காரன் அதை வாங்கிக் கூவுவான். தமிழில் புறப்பட்ட கூச்சல் தெலுங்கில் ஓடிக் கன்னடத்தில் போய்ச் சேரும். எல்லாரும் மோட்டாரை நிறுத்திவிட்டு, சற்றுப் பொறுத்து ஒவ்வொருவராகப் போடுவார்கள். அன்றும் நிறுத்தினார்கள். வோல்டேஜ் காட்டும் முள் தானாகவே மேலேறியது.

அப்புறம்தான் மணி அடித்தது.

"ஏத்து."

"சார், இப்ப முள்ளு மேல நிக்குதுங்க. மோட்டாரெல்லாம் நிறுத்திட்டாங்க..."

"நீதானேய்யா கொறைஞ்சிருக்குன்னே? சொன்னதைச் செய்."

"வேணாங்க," என்றாள் நஞ்சம்மா.

"நீ சும்மா இரு" என்று சொல்லிவிட்டு ஏற்றினான்.

தோட்டத்தில் முதலில் ஸ்விட்சைப் போட்டவர் முட்டைக்கோசுக்காரர் ராஜப்பன். ஏறிய வோல்டேஜில் அவர் மோட்டார் புகைந்தது. நேரே வந்து நின்றார்.

"ஏப்பா கரியப்பா, கொறைஞ்சப்ப தூங்கிட்டு நெறைஞ்சப்ப ஏத்துனியா? எங் கோசுக்கு உங் கண்ணீரையா பாய்ச்சறது?"

விசாரணை வைத்தார்கள். குறைவென்று கேட்டு ஏற்றச் சொன்னார் இன்ஜினியர், அது சரியாம். சொன்னதைக் கேட்டு ஏற்றினான் கரியப்பன், அதுவும் சரிதான். இடையில் ஓடிப்போன நேரத்தை மட்டும் ஒருவரும் கூப்பிட்டு விசாரிக்கவில்லை. அதைப் பிடிக்க முடியாது. சக்கரம் திருப்பிய கையைப் பிடிக்கலாம். பிடித்தார்கள். வேலை போயிற்று.

மேலே மனுப் போட்டுவிட்டு, கிருஷ்ணகிரிப் பக்கம் கல் உடைக்கப் போனான். மனு மேசை மேசையாக நகர்ந்தது. மழைக்காலத்தில் அவனுக்கு மார்ச்சளி கண்டது. மனு அப்போதும் ஏதோ ஒரு மேசையில் கிடந்தது.

அவன் கருமாதி முடிந்த பிறகு ஒரு பியூன் வந்தான்.

"கரியப்பன் இருக்காராம்மா? மறுபடி வேலைல சேரச் சொல்லி உத்தரவு."

நஞ்சம்மா அவன் நீட்டியதைத் தொடவில்லை.

"உங்க சாருக்கு இப்பத்தான் லைன் கெடச்சுதா?" என்றாள்.