மெருகு போடக் கொடுத்தவர்கள்

எங்கள் ஊர்ப்பக்கம் யாராவது வண்டியை நிறுத்தி, மலைக்கு எப்படிப் போவது என்று கேட்டால், கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டுத்தான் வழி சொல்லுவோம். திருத்தணி மலைக்குப் போகிறவருக்கு வழி காட்டினால் பாதிப் புண்ணியம் நமக்கு என்று ஒரு கணக்கு. வாயால் மட்டும் சொன்னால் போதாது. உடம்பையே மலைப்பக்கம் திருப்பி, கையை முழுதாக நீட்டி, அதோ என்று காட்டினால்தான் திருப்தி. ஆனி மாதத்தில் ஒரு காலை நானும் அப்படித்தான் காட்டினேன்.

கே.ஜி.கண்டிகையில் பஸ்ஸை விட்டு இறங்கி மாந்தோப்பு ஓரமாக நடந்தால் ஒரு பள்ளிக்கூடம் வரும். அங்கே பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு சமைப்பது என் வேலை. தோப்பு வளைவில் ஒரு பைக் வந்து நின்றது. இரண்டு பேர். பின்னால் இருந்தவன் ரொம்ப மரியாதையாகக் கேட்டான்.

"அக்கா, மலைக்கு எப்டிக்கா போவணும்?"

காய்கறிப் பையைக் கீழே வைத்தேன். திரும்பினேன். கையை நீட்டினேன். கழுத்தை அறுத்தது போல ஓர் இழுப்பு. விழுந்து எழுந்தபோது தாலிச் செயினும் இல்லை, பைக்கும் இல்லை. தக்காளிதான் ரோடெல்லாம் உருண்டு கிடந்தது. முருகன் பெயரைச் சொல்லி ஏமாற்றினானே, பாவி என்றுதான் எனக்கு முதலில் ஆத்திரம் வந்தது. வலி அப்புறம்தான் தெரிந்தது.

வீட்டில் என் கழுத்து ரத்தத்தைத் துடைப்பதற்கு முன்னால் மாமியார் மஞ்சள் கிழங்கைத் தேடினார். அதைக் கயிற்றில் கோத்து என் கணவர் கையில் கொடுத்து, "கட்டு நைனா. வெறுங்கழுத்தா நிக்கக் கூடாது" என்றார். கணவர் முடிச்சுப் போட்டுக் கட்டினார். தாலி பறிபோனால் புருஷன் ஆயுசுக்கு ஆகாது என்று இங்கே எல்லோருக்கும் ஒரு பயம். மாமியாருக்கு அது நெஞ்சு முழுக்க.

"யாரு கேட்டாலும் ஆசாரிகிட்ட மெருகு போடக் குடுத்துகீதுன்னு சொல்லு. பறிகுடுத்தேன்னு வாயத் தொறக்காத. ஊர் வாயில வுழுந்தா என் புள்ளைக்கு ஆவாது."

"அப்போ போலீசு?"

"போலீசுக்குப் போறதும் ஊருக்குத் தமுக்கு அடிக்கறதும் ஒண்ணுதான்."

கணவர் தன் பங்குக்கு, "அந்த வேலையும் வேணாம், அந்த ரோடும் வேணாம், வூட்ல இரு" என்றார். அதட்டவில்லை, கெஞ்சினார். அதட்டியிருந்தால் பதிலுக்கு நானும் ஒரு கை பார்த்திருப்பேன். கெஞ்சுகிற மனுஷனிடம் என்ன செய்வது? உள்ளுக்குள் கொதித்துக்கொண்டிருந்தது. சாம்பார் வாசனைக்கு ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கும் பிள்ளைகளும், எனக்கென்று ஒரு அடுப்பும், என் பேச்சுக்கு ஒரு மதிப்பும் இருக்கிற இடம் அது. நகையோடு சேர்த்து அதையும் அவன் வாரிக்கொண்டு போவானா? ரோடு என்ன அவன் அப்பன் வீட்டுச் சொத்தா?

கழுத்துக் காயம் பொருக்குத் தட்டியதும் கிளம்பிவிட்டேன். வீறாப்பு எல்லாம் பஸ்ஸை விட்டு இறங்கும் வரைதான். பின்னால் ஒரு பைக் சத்தம் கேட்டதும் மாமரத்துக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன். வந்தது தபால்காரர். எனக்கு என் மேலேயே வெறுப்பாக இருந்தது.

வளைவில் நூறு நாள் வேலைப் பெண்கள் கால்வாய் தூர்வாரிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் வெற்றிலை போட்ட வாயோடு ஒரு பெரியம்மா என்னை உற்றுப் பார்த்தார்.

"இன்னாம்மா, கழுத்துல மஞ்சக் கயிறு?"

"செயினு ஆசாரிகிட்ட மெருகு போடக் குடுத்துகிறேன்."

அவர் மண்வெட்டியைக் கீழே போட்டார். மாராப்பைக் கொஞ்சம் விலக்கிக் காட்டினார். அங்கேயும் மஞ்சள் கயிறு. "நானும்தான் குடுத்துகிறேன். சித்திரையிலயே குடுத்தது" என்றார்.

கால்வாய்க்குள் இருந்து இன்னொருத்தி நிமிர்ந்தாள். "என்னுதும் அங்கதான் கீது."

பெரியம்மா என் பக்கத்தில் வந்தார். மெதுவாகக் கேட்டார்.

"வழி கேட்டானா?"

"மலைக்கு."

"ஆங். எனக்கும் அதான்."

கால்வாய்க்குள் இருந்தவளுக்குத்தான் முதலில் பொறுக்கவில்லை. "எவன்டி அந்த ஆசாரி? ஊர்ப் பொம்பளைங்க தாலிய எல்லாம் வாங்கி வெச்சிகினு இன்னும் மெருகு போட்டுகினே கீறான்?"

எல்லோரும் சிரித்தோம். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். சிரிப்பு எப்போது அழுகையானது என்று தெரியவில்லை. துக்கத்தில் அழவில்லை, அவ்வளவு கோபம். புருஷன் ஆயுசுக்குப் பயந்து நாங்கள் ஆளுக்கொரு முந்தானையால் கழுத்தை மூடிக்கொண்டிருக்க, அந்தத் தைரியத்தில் அவன் அதே வளைவுக்குத் திரும்பத் திரும்ப வந்திருக்கிறான். எங்கள் வாயை அடைக்க அவன் கத்தியைக்கூடக் காட்டவில்லை. அந்த வேலையை நாங்களே செய்து கொடுத்திருக்கிறோம்.

அன்றைக்குச் சமையல் முடித்துப் பாத்திரம் கழுவி வைத்துவிட்டு வெளியே வந்தேன். பெரியம்மாவும் மற்றவர்களும் வாசலில் நின்றிருந்தார்கள். அந்த ரோட்டில் ஓட்டுகிற ஷேர் ஆட்டோக்காரர் அதற்குள் சேதி தெரிந்து வைத்திருந்தார். "அந்த ஆசாரிய புடிக்கத்தான போறீங்க? ஏறுங்க" என்றார்.

ஸ்டேஷனில் எங்களை உட்காரவைத்து ஒவ்வொருவராகக் கேட்டுப் புகாரை வாங்கிக்கொண்டார்கள். "ஏம்மா இத்தன நாளா யாருமே சொல்லல?" என்று புகாரை எழுதிய அதிகாரி கேட்டதில் நியாயம் இருந்தது. பெரியம்மா சளைக்கவில்லை.

"வூட்டுக்காரரு ஆயுசுக்குப் பயந்துகினு இருந்தோம் சார். அவரு குத்துக்கல்லாட்டம் கீறாரு. திருடனும் நல்லாத்தான் கீறான். நாங்கதான் செத்துகினு கீறோம்."

சேதி எனக்கு முன்னால் வீட்டுக்குப் போய்விட்டது. மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் விடவில்லை.

"அத்தை, செயினு போனதுல இருந்து உங்க புள்ள ஒரு வேளை சோத்தக் கொறைக்கல. அவரு ஆயுசு அந்தத் திருட்டுப் பையன் கையிலயா கீது?"

சாப்பிட்டுக்கொண்டிருந்த கணவர் புரையேறிச் சிரித்தார். "நாளையிலருந்து நான் வண்டியில கொண்டாந்து வுடறேன்" என்றார். வேண்டாம், நடந்துதான் போவேன் என்றேன். அவர் வற்புறுத்தவில்லை. ஞாயிற்றுக்கிழமை வெட்டுக்கத்தியை எடுத்துக்கொண்டு எங்கேயோ போனார். மறுநாள் போய்ப் பார்க்கிறேன், தோப்பு வளைவில் ஆள் உயரத்துக்கு மண்டிக் கிடந்த புதர் மொத்தமும் இல்லை. தோப்புக்காரரும் ஆட்டோக்காரரும் கூடச் சேர்ந்து வெட்டினார்களாம். தூரத்தில் வண்டி வந்தாலே தெரிந்தது. நூறு நாள் வேலைப் பெண்களும் காலையில் கூடுகிற இடத்தை அந்த வளைவுக்கே மாற்றிக்கொண்டார்கள்.

செயின் இன்னும் கிடைக்கவில்லை. கயிறு கயிறாகவே இருக்கிறது. யாராவது கேட்டால், பறித்துக்கொண்டு போய்விட்டான் என்று கடைத்தெருவிலேயே உரக்கச் சொல்கிறேன். மாமியார் பக்கத்தில் இருந்தால் இன்னும் கொஞ்சம் உரக்க.

ஆடிக் கிருத்திகைக்கு முந்தின நாள், அதே வளைவில், ஒரு பைக் நின்றது. மஞ்சள் வேட்டியில் இரண்டு பையன்கள். பின்னால் இருந்தவன் மடியில் காவடி. தெலுங்கு கலந்த தமிழில் முன்னால் இருந்தவன் கேட்டான்.

"அம்மா, மலைக்கு எப்டிப் போவணும்?"

என் கை தானாகக் கழுத்துக்குப் போனது. கால் மாமரத்தைத் தேடியது. பின்னால் மண்வெட்டிச் சத்தம் எல்லாம் நின்றுவிட்டது. திரும்பிப் பார்க்காமலே தெரிந்தது, அத்தனை பேரும் நிமிர்ந்து நிற்கிறார்கள்.

"மொதல்ல வண்டிய ஆஃப் பண்ணு" என்றேன். "சாவிய எடுத்து அந்தப் பெரியம்மா கையில குடு."

பையன் திருதிருவென்று விழித்தான். பெரியம்மா ஒரு கையில் மண்வெட்டியோடு வந்து மறு கையை நீட்டியதும் மறுபேச்சில்லாமல் சாவியைக் கொடுத்தான்.

அதற்கப்புறம் நான் பையைக் கீழே வைத்தேன். உடம்பை மலைப்பக்கம் திருப்பி, கையை முழுதாக நீட்டி, "அதோ" என்று காட்டினேன்.